எரிபொருள் பம்பை மாற்றுதல்

இன்றைய பெட்ரோல் மகிழுந்துகளில் எரிபொருள் பம்பு பெரும்பாலும் பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே இருக்கும். பழுதடைந்த பம்பை மாற்றும்போது வேகத்தைவிட வேலையின் வரிசையே முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, சற்றுத் தொலைவில் எழும் சிறு தீப்பொறியாலும் தீப்பற்றிக்கொள்ளும். எனவே, பட்டறைத் தொழில்நுட்பர் முதலில் காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்துகிறார். எரிபொருள் குழாயிலுள்ள அழுத்தத்தைக் குறைத்த பின், மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்றுகிறார். அதன் பிறகே தொட்டியின் மூடியைத் திறந்து பழைய பம்பை எடுக்கிறார். புதிய பம்பைப் பொருத்தும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றுகிறார். தேய்ந்த வளையம் பெட்ரோலைக் கசியவிடும். இறுதியாக, இயந்திரத்தை இயக்கி, எங்கும் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கிறார்.