அஷ்டமியில் அடையாறு

அப்பாவின் முழங்காலைப் பார்த்த டாக்டர், "படி ஏற வேண்டாம், சமதரையில் தினமும் நடங்க" என்றார். மந்தைவெளியில் சமதரைக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் நடைபாதை இருக்கிறது. அதன் மேல் ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். வட்டமாகச் சுற்றுகிற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குச் செக்கு மாடு ஞாபகம் வந்துவிட்டது.

அப்படித்தான் ஆற்றங்கரைக்கு வந்தோம். பட்டினப்பாக்கம் கழிமுகத்திலிருந்து அடையாற்றின் ஓடை ஒன்று வடக்கே வளைந்து குவிபிள் ஐலண்டு பக்கம் போகிறது. அந்த ஓடையை ஒட்டித்தான் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா. கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டிக் கிடந்த சதுப்பைச் சீராக்கி 2011 ஜனவரியில் திறந்தார்கள். 2025 அக்டோபரில் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். நேரமும் கட்டணமும் மாறலாம், விசாரித்துவிட்டுப் போங்கள்.

முதல் தடவை போனது தை மாதத்துப் பௌர்ணமி காலை. தண்ணீர் கரை வரை ததும்பி நின்றது. பார்க்க அழகுதான், ஆனால் பறவை என்று சொல்ல நான்கு நீர்க்காகங்கள். "இதுக்கா ஆட்டோவுக்குக் காசு குடுத்தே?" என்றார் அப்பா.

அடுத்த வாரம் எனக்கு லீவு கிடைத்த நாள் அஷ்டமி. தினசரி காலண்டரைக் கிழித்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. அஷ்டமி."

"நடக்கறதுக்கு என்னப்பா நாள்?"

முனகிக்கொண்டேதான் வந்தார். ஓடையைப் பார்த்ததும் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர் உள்வாங்கி, கரையோரம் பட்டை பட்டையாகக் கறுப்புச் சேறு. அதில் சங்குவளை நாரைகள் வாயைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. சிவப்புக் குச்சிக் கால்களில் பவளக்கால் உள்ளான்கள், கரையோரம் அசையாமல் மடையான். சேற்று வளைகளின் வாசலில் சின்ன நண்டுகள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிசு. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டின. "பஸ்ஸை நிறுத்தறான்" என்றார் அப்பா. அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு வாரத்தில் எப்படி இந்த மாற்றம்? விடை திரு.வி.க. பாலத்தின் வடகோடியில் கிடைத்தது. வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் சொன்னார்: "அமாசி, பௌர்ணமின்னா இந்நேரத்துக்குத் தண்ணி ஏறி நிக்கும் பெரியவரே. எட்டாம் நாளு இந்நேரம் எறங்கிக் கெடக்கும்." பின்னால் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலின் ஏற்றவற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமியன்று காலை எட்டு மணிவாக்கில் ஏற்றம் என்றால், ஏழெட்டு நாளில் ஆறு மணி நேரம் தள்ளி, அதே எட்டு மணிக்கு வற்றம். சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே பௌர்ணமி, அமாவாசையிலேயே ஒரு மீட்டர் அளவுதான். அஷ்டமியில் அதிலும் குறைவு. ஆனால் ஆழமில்லாத ஓடையில் அரையடி இறங்கினாலே நாரைக்கு இலை போட்டாயிற்று.

ஆக, நல்ல காரியத்துக்கு ஆகாத அஷ்டமி நவமிதான் காலை நடைக்கு உகந்த நாள். மூக்கு மட்டும் ஒத்துழைக்காது. வற்றத்தில் சேறு திறந்து கிடப்பதால் நாற்றமும் அன்றைக்குத்தான் அதிகம். நாற்றம் தாங்காதவர்கள் பௌர்ணமிக்கே போகலாம். இந்தக் கணக்கு முகத்துவாரம் திறந்திருக்கும் வரைதான். கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிட்டால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. தோண்டிவிடும் வரை தண்ணீர் குட்டைதான்.

பூங்காவில் அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் மேலே நீட்டிக்கொண்டிருப்பது அதன் மூச்சுவேர். இலையைப் பறிக்க வேண்டாம். விரலால் தடவினால் போதும். மழை பெய்து சில நாளாகியிருந்தால் பொடி உப்பு ஒட்டும். வேர் வழியே ஏறிய உப்பை மரம் இலை வழியே வெளியே தள்ளுகிறது. அப்பா விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு தூக்கல்" என்றார். டாக்டர் குறைக்கச் சொன்ன உப்பு.

1973-இல் திறந்த திரு.வி.க. பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். நடுப்பாலத்தில் கிழக்கே பார்த்து நின்றால் கழிமுகம் விரியும். வலப்பக்கம் அடர்ந்த பச்சை, தியசாபிகல் சொசைட்டி 1882-இல் வாங்கிய தோட்டம். பஸ் போகும்போதெல்லாம் காலடியில் பாலம் அதிரும். முதல் முறை அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒரு சிலாப் தூக்கிக்கொண்டிருந்ததில் கட்டைவிரலை இடித்துக்கொண்டது நான்தான், ரப்பர் செருப்போடு போனதால். ஷூ போடுங்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உடைந்த பாலத்தின் மேல் போட்டோவுக்காக ஏற வேண்டாம். 1967-இல் கட்டி, 1977-இல் வெள்ளத்தில் போனது அது.

ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் இந்தப் பக்கமே வருவதில்லை. ஆதனூர்ப் பக்கம் கிளம்பி 42 கிலோமீட்டர் வருகிற இந்தச் சாக்கடை, 2015 டிசம்பரில் தான் ஆறு என்று கோட்டூர்புரத்துக்குள் புகுந்து காட்டியது. அந்த மாதிரி மழை நாளில் கழிமுகத்தின் பக்கம் மனிதனுக்கு என்ன வேலை?

இப்போது எங்கள் காலண்டரில் அஷ்டமி, நவமியெல்லாம் சிவப்பு மையில் வட்டம். தம்பிக்குப் பெண் பார்க்கும் விஷயமாக வந்த பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இந்த நாளையெல்லாமா குறிச்சு வெச்சிருக்கே?" என்று அப்பாவிடம் பதறினாள்.

"அது கொக்கு நாள் அண்ணி" என்றார் அப்பா.