சட்டம் கேட்கும் முதற்கேள்வி: வயது என்ன?

வெவ்வேறு கடைகளில் ஒரே வகையான சிறு பொருளைத் திருடியதாக மூவர் மீது குற்றம் சாட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 11 வயது, மற்றவருக்கு 15, மூன்றாமவருக்கு 19. செயல் ஒன்றுதான். ஆனால் சட்டம் அவர்களை நடத்தும் விதம் ஒன்றல்ல. செய்வதன் விளைவை அறியும் ஆற்றல் வயதோடு வளர்வது என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது என்பதே அதன் பழைய விதி. 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எல்லையை 12 வயதாக உயர்த்தியது. 12 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையாயின், தனது செயலின் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அப்பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். அம்முதிர்ச்சி இல்லையெனில் அங்கும் குற்றமில்லை.

அடுத்து, 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க, சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். இதன் மூல வடிவத்தின்படி 14 வயதுக்குக் குறைந்தவர் 'சிறுவர்' எனப்பட்டார். 14 வயது முதல் 16 வயது நிறையும் வரை 'இளம் ஆள்' எனப்பட்டார். இவர்களின் வழக்குகள் சிறுவர் நீதிமன்றத்துக்குரியவை. தனியான சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே அவ்வாறு அமர்கிறது. பொதுமக்கள் அங்கு வேடிக்கை பார்க்க முடியாது. பிள்ளையின் பெயரையோ பாடசாலையையோ பத்திரிகைகள் வெளியிடலாகாது. பெற்றோர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவர். தடுத்து வைக்க நேர்ந்தாலும் வளர்ந்த குற்றவாளிகளோடு சேர்த்து வைக்கக்கூடாது.

தீர்ப்பும் வேறானதே. எச்சரித்து விடுவிக்கலாம், பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம், சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பலாம். 14 வயதுக்குக் குறைந்தவரைச் சிறையில் அடைக்க முடியாது. ஆயினும் கொலை போன்ற பாரதூரமான குற்றங்களில் குறித்த காலத்துக்குத் தடுத்து வைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

இங்கே ஒரு விடயத்தை மாணவிகள் மனதில் பதிக்க வேண்டும். வயது வந்தவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டால் 15 வயதுப் பிள்ளையின் வழக்கும் சாதாரண நீதிமன்றத்துக்கே செல்லும். சேர்க்கை சரியாக இருக்க வேண்டும் என்று மூத்தோர் சொல்வதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. குற்றம் நடந்தபோது 18 வயது நிறையாத எவருக்கும் மரண தண்டனை விதிக்கலாகாது என்பது அச்சமவாயத்தின் விதி. ஆனால் வயதே மறைக்கப்பட்டுவிட்டால்?

மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக்கின் கதை எம் சமூகம் மறக்க முடியாதது. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரி 4. வெளிநாடு செல்வதற்காக எடுக்கப்பட்ட கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982. 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்ற சில வாரங்களில், அவரது பராமரிப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சுத்திணறி இறந்ததாக அவர் சொன்னார். கொலை என்றது குற்றச்சாட்டு. தொடக்க விசாரணையில் அவருக்காகப் பேச ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி அது நிறைவேற்றப்பட்டது. சவூதி அரேபியாவும் அச்சமவாயத்தில் இணைந்த நாடுதான். எனினும், கடவுச்சீட்டில் கூட்டப்பட்ட ஆறு ஆண்டுகள் 17 வயதுப் பிள்ளையைச் சட்டத்தின் கண்ணுக்கு 23 வயதுப் பெண்ணாக்கிவிட்டன.

பெற்றோரே, வறுமை எவ்வளவு நெருக்கினாலும் பிள்ளையின் வயதைக் கூட்டிக் காட்ட உடன்படாதீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளையைப் பொலிஸார் விசாரணைக்கு அழைத்தால் தனியே அனுப்பாமல் கூடவே செல்லுங்கள். உண்மையான வயதை முதல் நாளிலேயே சான்றுடன் சொல்லுங்கள். சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

மாணவிகளே, விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். சகமாணவி ஒருத்தி மீது குற்றச்சாட்டு எழுந்தால் அவளது பெயரையும் படத்தையும் வட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். குற்றச்சாட்டு வேறு, குற்றம் வேறு. நீதிமன்றமே கதவை மூடி விசாரிக்கும் ஒரு பிள்ளையை நாம் தெருவில் நிறுத்தலாமா?