தனித் தம்ளரும் மூடிய சன்னலும்

மாணவர்களே, ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். நாம் இருமும்போது வாயிலிருந்து பல அளவுகளில் நீர்த்திவலைகள் தெறிக்கின்றன. 0.1 மி.மீ. விட்டமுள்ள பெரிய திவலை ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஐந்தாறு வினாடிகளில் தரையில் விழுந்துவிடும். ஆனால், ஈரம் உலர்ந்து 3 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிட்ட துகள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும்? (1,000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்.) பாகுநிலைப் பாடத்தில் வரும் ஸ்டோக்ஸ் விதி இங்கே உதவுகிறது. விழும் துகளின் முற்றுத் திசைவேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். போட்டுப் பாருங்கள், வினாடிக்குச் சுமார் 0.27 மி.மீ. என்று விடை வரும். அசையாத காற்றில்கூட அது தரையைத் தொட ஒன்றரை மணி நேரம் ஆகும். அறையில் காற்று அசையாமல் எங்கே இருக்கிறது? எனவே, இன்னும் நெடுநேரம் அது மிதந்துகொண்டிருக்கும்.

நுரையீரல் காசநோய் பரவுவது இப்படி மிதக்கும் துகள்களால்தான். அதன் கிருமியை இராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். நோயாளி உண்ட தட்டினாலோ குடித்த தம்ளரினாலோ இந்நோய் பரவுவதில்லை.

இந்தக் கணக்கை நான் கல்லூரியில்தான் கற்றேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1992-இல், என் சித்தப்பாவுக்குக் காசநோய் கண்டது. பாட்டி அவருக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் ஒதுக்கினார். மற்றப் பாத்திரங்களோடு கலந்துவிடாதிருக்க, தம்ளரின் விளிம்பில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தார். சித்தப்பாவின் படுக்கை வாசல் அறைக்கு மாறியது. நோயாளிக்குக் காற்றுப் படக்கூடாது என்று அந்த அறையின் சன்னலையும் சாத்திவிட்டார்கள்! ஆபத்தில்லாத தம்ளருக்குக் காவல்; ஆபத்தான காற்றுக்கோ சிறை. சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. நானும் அப்படியே ஓடி வந்தவன்தான்.

அவர் வாய் ஓயாமல் பேசுகிறவர். ஒரு மாதத்தில் பேச்சு நின்றுபோயிற்று. 'சாப்பிட்டீர்களா?' என்றால் தலையசைப்பு மட்டும். சித்தியின் நிலை இன்னும் கடினம். தெருவில் நடந்த ஒரு திருமணத்துக்கு எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதன்பின் சித்தி வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். நோய் ஒருவருக்கு, அதன் பெயர் வீடு முழுமைக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் மாதம் இருமல் குறைந்ததும் சித்தப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். உடல் தேறிவிட்டது என்பது ஒரு காரணம். மருந்து வாங்கப் போகும்போது தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவார்களே என்பது மற்றொன்று. இதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். பெரும்பாலான கிருமிகள் முதல் சில வாரங்களில் மடிந்துவிடும். எஞ்சியவை ஒடுங்கிக் கிடக்கும். அவற்றையும் தீர்க்கவே மாதக்கணக்கில் மருந்து தருகிறார்கள். சித்தப்பாவுக்கு நோய் திரும்பி வந்தது. இம்முறை மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது. வெட்கம் என்பது மனத்தோடு நின்றுவிடுவதில்லை, பாருங்கள். அது நுரையீரல்வரை போகிறது.

அப்படியானால், வீட்டார் அஞ்சியது முழுவதும் தவறா? இல்லை, இது தொற்றுநோய்தான். ஆனால், நோயாளியைப் பிரித்து வைத்துத்தான் ஆகவேண்டுமா என்ற கேள்வியைச் சென்னையிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்நாளில் காசநோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். தாம்பரத்தில் 1928-இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் முதல் ஆய்வில் 190-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான சிறு வீடுகளில், எளிய உணவோடு இருந்தனர். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துதான்.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த முடிவு. குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை. தொற்று நிகழ்ந்தது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்புதான். மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடுகிறது. பிள்ளைகளைப் பிரிந்து தொலைவில் கிடந்த தாய்மார்களின் துயரம் எந்தக் குழந்தையையும் கூடுதலாகக் காக்கவில்லை என்பதே இதன் பொருள். உலகின் பல நாடுகள் சானடோரியங்களைக் கைவிட இந்த ஆய்வு பெரிதும் காரணமாயிற்று.

தொடக்க வாரங்களில் கவனம் வேண்டும் என்பது உண்மையே. நோயாளி இருமும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்துக்குப் பணியாத வகைக் காசநோயாயின், மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடு இன்னும் கூடும். சன்னலைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அறையின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று ஒருமுறை வந்து கலந்தால், மிதக்கும் துகள்களில் சுமார் 37 விழுக்காடே எஞ்சும். அதுபோல் மும்மடங்கு காற்று வந்தால் எஞ்சுவது 5 விழுக்காடு. கதிரியக்கச் சிதைவுக்கு நீங்கள் படிக்கும் அதே அடுக்குக்குறி விதிதான் இது.

சித்தப்பாவுக்கு 1995-இல் முற்றிலும் குணமாகிவிட்டது. இனி எல்லாருடனும் அமர்ந்து சாப்பிடலாம் என்று மருத்துவரே சொன்னார். பாட்டியும் இலை போட்டு அழைத்தார். அவர் வந்து பந்தியின் கடைசியில், ஓர் இலைக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால் பையிலிருந்து தம் தம்ளரைத்தான் எடுக்கிறார். 'எதற்குச் சித்தப்பா?' என்று கேட்டேன். 'பழகிப்போச்சுப்பா' என்றார். விளிம்பில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது.