படைத்தவனும் படைப்பும்: ஒரு தவளையின் வழக்கு

கலைஞன் ஒருவன் தான் படைத்த பொருளின்மீது எத்துணை உரிமை உடையவன்? அப்பொருள் அவன் கையைவிட்டு ஊரவர் கைக்குச் சென்று, அவன் கனவிலும் கருதாத தீமைக்குக் கருவியாகுமிடத்து அவன் செய்யக்கூடியது யாது? இவ்வினாக்கள் பழையன. ஆயினும், ஒரு படம் ஒரு நாழிகைக்குள் உலகைச் சுற்றிவரும் இணைய காலத்திலே இவை புதிய வலிமை பெற்றுள்ளன. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கேலிச்சித்திரக்காரர் மற் பியூரி என்பாரின் வரலாற்றை எடுத்துக்கொண்டு இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பியூரி 2005ஆம் ஆண்டளவில் 'போய்ஸ் கிளப்' என்னும் சித்திரக்கதையை வரையத் தொடங்கினார். ஒரே வீட்டிற் கூடி வாழும் நான்கு சோம்பேறி இளைஞரின் வேடிக்கைகளே அதன் பொருள். அந்நால்வருள் ஒருவன் பெப்பே என்னும் பச்சைத் தவளை. அதில் அரசியலும் இல்லை. எவர்மீதும் பகையும் இல்லை. 2008 முதல் அத்தவளையின் முகம் கதையினின்றும் பிரிந்து இணையத்திலே தனியே உலாவத் தொடங்கிற்று. அழும் தவளை, சினக்கும் தவளை, ஏளனமாய் நகைக்கும் தவளை என அவரவர் தத்தம் மனநிலைக்கேற்ப அதனை மாற்றி வரைந்தனர். இதனாற் கேடில்லை என்று கருதிய பியூரி, அவர்களைத் தடுக்க முற்படவில்லை.

கேடு பின்னரே வந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில், அந்நாட்டுச் சனாதிபதித் தேர்தல் சூடுபிடித்த வேளையில், இனவெறியர் சிலர் பெப்பேக்கு நாசிச் சீருடை அணிவித்துப் பரப்பினர். 2016 செப்டெம்பர் 27ஆந் திகதி, யூதர்மீதான வெறுப்பை எதிர்க்கும் அமெரிக்கச் சங்கமொன்று பெப்பேயைத் தனது வெறுப்புச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. பெரும்பாலோர் இப்படத்தைத் தீய நோக்கின்றியே பயன்படுத்துகின்றனர் என்று அச்சங்கமே எடுத்துரைத்தது. எனினும் சிறுவரும் இரசித்த ஒரு தவளை, கொடிய சின்னங்கள் நிற்கும் வரிசையிலே நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதுபோல, தாம் செய்யாத குற்றத்துக்குப் பியூரி விளக்கம் கூறவேண்டியவரானார். அடுத்த மாதமே அவர் அச்சங்கத்தோடு கைகோத்து, பெப்பேயை நல்வழியில் வரையும் இயக்கமொன்றைத் தொடங்கினார். அதனால் வெள்ளம் வடியவில்லை. 2017 மே மாதத்தில் தம் தவளை சவப்பெட்டியிற் கிடப்பதாக ஒரு சித்திரத்தை வெளியிட்டார். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே ஈமக்கடன் செய்யும் தந்தையின் நிலையை ஒத்தது அது.

துக்கம் கொண்டாடியதோடு அவர் ஓயவில்லை, நீதிமன்றை நாடினார். அவர் செயலின் பொருத்தத்தை உணர்தற்கு இவ்வுரிமையின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த வில்லியம் ஹோகாத் என்னும் ஓவியர் 1732இல் வெளியிட்ட படவரிசையைப் பிறர் களவாக அச்சிட்டு விற்றனர். மனம் நொந்த அவரும் அவர்தம் தோழரும் பாராளுமன்றத்தை வேண்டி, 1735இல் செதுக்கோவியர்க்கு 14 ஆண்டு உரிமை வழங்கும் சட்டத்தைப் பெற்றனர். அச்சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஹோகாத் தம் அடுத்த படவரிசையை வெளியிடாது காத்திருந்தார்.

ஹோகாத் இழந்தது வருவாய். பியூரி இழந்ததோ நற்பெயர். வருவாயைக் காப்பது பொருளுரிமை. தன் பெயர் மறைக்கப்படாமலும், தன் புகழுக்கு ஊறு நேருமாறு படைப்புத் திரிக்கப்படாமலும் காப்பது ஒழுக்கவுரிமை. இப்பின்னையதைப் பேர்ண் உடன்படிக்கை 1928இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டமோ அதனை ஓவியம், சிற்பம் முதலிய சிலவற்றுக்கே அளித்தது. நூலும் சஞ்சிகையும் சுவரொட்டியும் அதன் எல்லைக்குப் புறம்பானவை. ஆகவே மானத்தைக் காக்கப் புறப்பட்ட பியூரி, பொருளைக் காக்கும் வாளையே ஏந்த நேர்ந்தது.

அவ்வாளும் முற்றாக மழுங்கியதன்று. 2017இல் பெப்பேயை வைத்து முஸ்லிம்களை இழித்துக்காட்டும் சிறுவர் நூலொன்றை ஒருவர் வெளியிட்டார். பியூரியின் சட்டத்தரணிகள் தலையிட்டதும் நூல் நிறுத்தப்பட்டது. அதனாற் கிடைத்த இலாபம் 1,521 டொலரும் அமெரிக்க முஸ்லிம் அமைப்பொன்றுக்கு அளிக்கப்பட்டது. 2018இல், பெப்பேயின் உருவம் பொறித்த அரசியற் சுவரொட்டியை விற்ற 'இன்போவோர்ஸ்' நிறுவனத்தின்மீது அவர் வழக்குத் தொடுத்தார். தமது செயல் நியாயமான பயன்பாடே என்று எதிராளிகள் வாதிட்டனர். 2019இல், அவ்வினாவை யூரிமாரே தீர்க்கவேண்டும் என நீதிமன்று கூறியபின், 15,000 டொலருக்கு வழக்கு இணக்கமாய் முடிந்தது.

நியாயமான பயன்பாடு என்னும் கோட்பாட்டை நாம் எளிதாக இகழ்தலாகாது. விமரிசனம், செய்தி, கல்வி, பரிகாசம் ஆகியவற்றுக்கு அதுவே உயிர். பிறர் உருவையும் பிறர் ஆக்கத்தையும் எடுத்தாண்டு நகையாடுவது கேலிச்சித்திரக்காரர் தொழிலாதலின், அவ்வாயிலை முற்றாக அடைத்தால் முதலில் மூச்சுத் திணறுபவர் அவரே. எடுத்தாண்டவன் அப்படைப்பைப்பற்றி ஏதேனும் புதிது கூறினானா, அன்றி அதன் கவர்ச்சியைத் தன் சந்தைச் சரக்குக்கு விளம்பரமாக்கினானா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

சட்டத்தின் கை விற்பவனை எட்டும். பெயர் மறைத்துப் பரப்பும் ஆயிரவரை எட்டாது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? ஆயினும் ஊர் வாயே சில வேளை பழியைக் கழுவிவிடுகின்றது. 2019இல் ஹொங்கொங் நகரின் வீதிகளில் திரண்ட இளைஞர்கள் அதே தவளையைத் தம் உரிமைப் போராட்டத்தின் சின்னமாக ஏந்தினர். அமெரிக்காவிலே அதற்கு ஏறிய கறையை அவர்களுட் பலர் அறியார். சின்னத்தின் பொருள் கோட்டிலும் வண்ணத்திலும் மட்டும் இல்லை. அதனை ஏந்துவோர் கையிலும் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்வரலாறு நமக்குத் தூரத்ததன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொருளுரிமையோடு ஒழுக்கவுரிமையையும் படைப்பாளிக்கு வழங்குகின்றது. வகுப்புக் கையெழுத்துச் சஞ்சிகைக்குப் படம் வரையும் மாணவனும் ஒரு படைப்பாளியே. ஒரு படத்தைக் கைப்பேசியில் முன்னனுப்புமுன் அதன் மூலையிலுள்ள கையொப்பத்தை வெட்டாதிருத்தல் சிறு செயல். வரைந்தவன் யார், எதற்காக வரைந்தான் என்று ஒரு கணம் வினாவுதலும் சிறு செயலே. நீதிமன்றுகள் பல ஆண்டு முயன்றும் முற்றாக ஈடுசெய்ய இயலாத இழப்பை, இச்சிறு செயல்கள் நேராமலே தடுக்கவல்லன. கற்றவரிடத்து உலகம் எதிர்பார்ப்பது இவ்வளவே.