தெரிவு செய்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர்

சரக்கைத் தெரிவு செய்பவரும் காசு கொடுப்பவரும் ஒருவராக இருக்கும்வரை விலை ஓரளவு நேர்மையாக நிற்கும். இருவரும் வேறாகிவிட்டால் இடையில் கொமிஷன் புகுந்துவிடும். இந்தப் பாடத்தை விளக்க இவ்வாரம் அமெரிக்காவின் இரண்டு தொழில்களை எடுத்துக்கொள்கிறேன்.

காணி உரித்துக் காப்புறுதி

வாங்கிய காணியின் பழைய உறுதியில் குறைபாடு வெளிப்பட்டால் நட்டத்தை ஈடுசெய்வதே இக்காப்புறுதி. கட்டணம் ஒரே தடவைதான். அதைச் செலுத்துபவர் பெரும்பாலும் வீடு வாங்குபவர் அல்லது விற்பவர். ஆனால் கம்பனியைக் காட்டிக்கொடுப்பது தரகர், கடன் கொடுப்பவர் அல்லது கட்டட நிர்மாணிப்பாளர். எனவே கம்பனிகள் போட்டி போட்டது விலையைக் குறைப்பதில் அல்ல. ஆள் அனுப்புபவரைத் திருப்திப்படுத்துவதில்தான்.

ஆள் அனுப்புவதற்குப் பணம் கொடுப்பதை 1974 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. அதற்கும் ஒரு சுற்றுவழி கண்டுபிடிக்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. கட்டட நிர்மாணிப்பாளரும் கடன் கொடுப்பவரும் தமக்கென மீள்காப்புறுதிக் கம்பனிகளை அமைப்பார்கள். கட்டணத்தில் ஒரு பங்கு அங்கே போகும். ஆனால் அவை சுமந்த ஆபத்தோ மிகச் சொற்பம். கொலராடோ மாநில அதிகாரிகள் இதை விசாரித்ததைத் தொடர்ந்து, 2005 இல் பெர்ஸ்ட் அமெரிக்கன் கம்பனி சுமார் 2 கோடி 40 இலட்சம் டொலரை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க இணங்கியது.

அமெரிக்க அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2007 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இத்துறையில் 100 டொலர் கட்டணத்தில் நட்டஈடாகப் போனது சுமார் 5 டொலர். சுமார் 70 டொலர் முகவர்களிடமே தங்கியது. இதை மட்டும் வைத்து மோசடி என்று நான் சொல்லமாட்டேன். பதிவேடுகளைத் தேடிப் பார்ப்பதற்கும் செலவுண்டு. ஆனால் அந்தச் செலவு நியாயமானதா என்று கேட்கவேண்டியவர் தெரிவு செய்பவராக இல்லை என்பதே சிக்கல்.

சொத்து மதிப்பீடு

இங்கும் கதை ஒன்றுதான். மதிப்பீட்டுக் கட்டணம் கடன் வாங்குபவருடையது. மதிப்பீட்டாளரை அழைப்பது கடன் கொடுப்பவர் தரப்பு. பெறுமதி குறைவாக வந்தால் கடன் கைநழுவும், அலுவலரின் கொமிஷனும் போகும். குறைத்து எழுதிய மதிப்பீட்டாளருக்கு அடுத்த வேலை கிடைக்காது. கூட்டி எழுதும்படி கடன் கொடுப்போர் நெருக்குகிறார்கள், மறுப்பவர்களைக் கறுப்புப் பட்டியலில் போடுகிறார்கள் என்று சுமார் 11,000 மதிப்பீட்டாளர்கள் கையொப்பமிட்டு வொஷிங்டனுக்கு முறையிட்டார்கள்.

2007 நவம்பரில் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அன்ட்ரூ கியூமோ, பெர்ஸ்ட் அமெரிக்கன் மீதும் அதன் துணை நிறுவனமான ஈ-அப்ரைஸ்-ஐடி மீதும் வழக்குத் தொடர்ந்தார். வொஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் நெருக்குதலுக்கு இணங்கி, அவ்வங்கி விரும்பிய மதிப்பீட்டாளர்களையே பயன்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அதை மறுத்தன. 2012 இல் 78 இலட்சம் டொலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. வங்கியோ அதற்கு முன்னரே, 2008 செப்டெம்பர் 25 இல், வீழ்ந்துவிட்டது. அது வீழ்ந்ததற்குக் காரணங்கள் பல.

பின்னர் விதிகள் இறுகின. 2009 மே மாதம் தொடக்கம் நடைமுறைக்கு வந்த கோவையும் 2010 ஆம் ஆண்டின் நிதிச் சீர்திருத்தச் சட்டமும் மதிப்பீட்டாளர் மீது அழுத்தம் கொடுப்பதைத் தடுக்க முற்பட்டன.

நமக்கு என்ன பாடம்?

கடையையோ காணியையோ ஈடுவைத்து வங்கிக் கடன் பெறும் நம் வியாபாரிகள் சிலர், "பெறுமதியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்கள்" என்று கேட்பதுண்டு. அதை உதவி என்று நினைக்கிறார்கள். என் பார்வையில் அது உதவியல்ல. கூட்டிய பெறுமதி கையில் வருவது கடனாகத்தான். தவணையும் அதற்கேற்பவே ஏறும். 80 இலட்சம் ரூபா பெறுமதியான கடையை ஒரு கோடி என்று காட்டி 85 இலட்சம் எடுத்தவர், கடையை விற்றாலும் கடனிலிருந்து மீளமாட்டார். அமெரிக்காவில் வீட்டு விலைகள் விழுந்தபோது இலட்சக்கணக்கான குடும்பங்கள் இந்த நிலையில்தான் அகப்பட்டன.

ஆகவே கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மதிப்பீட்டாளரை அல்லது சட்டத்தரணியைத் தெரிவு செய்தவர் யார்? கட்டணம் யாருடைய பையிலிருந்து போகிறது? இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்காமல் போனால் யாருக்கு நட்டம்? மூன்றாவது கேள்விக்குரிய ஆளே ஆலோசனையும் சொல்கிறார் என்றால், அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்குச் செலவாகும் சில ஆயிரம் ரூபாவை நட்டமாக எண்ணாதீர்கள்.

நாமே ஆள் அனுப்பிக் கொமிஷன் வாங்கும் இடத்தில் இருந்தால், அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அவரிடம் சொல்ல முடியாத கொமிஷன் நமக்கு வேண்டாம்.