பழைய வண்டிக்கு எல்.ஈ.டி. விளக்கு: மாற்றக் கூடாத பல்பு எது?

நம் வணிகர்களில் சிலர் இன்றும் அம்பாசிடர் காரையும் மாருதி ஆம்னி வேனையும் விடாமல் வைத்திருக்கிறோம். அம்பாசிடர் உற்பத்தி 2014-லும் ஆம்னி உற்பத்தி 2019-லும் நின்றன. வண்டி நன்றாக ஓடினாலும் டேஷ்போர்டு வெளிச்சம் மங்கிவிடுகிறது. இரவில் உளுந்தூர்பேட்டை சாலையில் விருத்தாசலம் திரும்பும்போது பெட்ரோல் முள்கூடத் தெரிவதில்லை. இதற்கு எல்.ஈ.டி. பல்பு நல்ல மாற்று. கரண்டும் குறைவு, சூடும் குறைவு.

முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்ற வேண்டும். பழைய பல்பைக் கடைக்குக் கொண்டுபோய், அதே அடிப்பகுதி உள்ள 12 வோல்ட் எல்.ஈ.டி. வாங்க வேண்டும். பொருத்தியதும் எரியாவிட்டால் கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். எல்.ஈ.டி.யில் மின்சாரம் ஒரு திசையில்தான் பாயும்; திருப்பிப் போட்டால் எரியும்.

ஆனால் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கை மட்டும் மாற்றக் கூடாது. பல பழைய வண்டிகளில், ஆல்டர்னேட்டருக்கு வேண்டிய தொடக்க மின்சாரம் அந்தப் பல்பின் இழை வழியாகவே போகிறது. கடைக்கு முதல் போடுவது போன்றது அது. எல்.ஈ.டி. அவ்வளவு மின்சாரத்தை விடாது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல், பேட்டரி இறங்கி, சரக்கோடு நடுவழியில் நிற்க நேரலாம்.

வேலை முடிந்ததும் ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்போம். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அப்படி அணையாவிட்டால், சரக்கு ஏற்றும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுவோம்.