பழைய கம்ப்யூட்டரும் நமது அமானிதமும்

 

நமது சங்கத்தில் இஷாவுக்குப் பின் நாலு பேர் கூடித் தேநீர் அருந்தும் வேளையில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "கடைக் கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸுக்கு மாறச் சொல்லி எழுத்து வந்து நிற்கிறது. 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள், நானா?" என்று ஒருவர் கேட்பார். "நானும் அப்படித்தான்" என்று மற்ற மூவரும் சொல்லுவர். அத்துடன் பேச்சு சரக்கு விலைக்குப் போய்விடும்.

நாமும் பல காலம் 'பிறகு' என்பதையே அமுக்கி வந்தோம். ஆகவே யாரையும் குறை கூற இதை எழுதப் புகவில்லை. இந்தத் தயக்கம் எதுவரை புத்திசாலித்தனம், எந்த இடத்தில் அது கவனக்குறைவாக மாறுகிறது என்பதை, நாம் பட்டறிந்தபடி எடுத்துச் சொல்வதே நோக்கம்.

இயங்குதளம் என்பது என்ன?

கம்ப்யூட்டர் வாங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது பெட்டியும் திரையும் மட்டுமே. கணக்கு எழுதும் புரோகிராம், ரசீது அடிக்கும் பிரிண்டர், காசுப் பெட்டி, பார்கோடு படிக்கும் கருவி ஆகிய யாவற்றிடமும் வேலை வாங்குவது உள்ளே இருக்கும் இயங்குதளம். கடைக்கு மேனேஜர் எப்படியோ, கம்ப்யூட்டருக்கு அது அப்படி. நம்மில் பலர் கடையில் இருப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ். 2001ல் எக்ஸ்பி, 2007ல் விஸ்டா, 2009ல் 7, 2012ல் 8, 2015ல் 10, 2021ல் 11 என்று அது பெயர் மாறி வந்திருக்கிறது.

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1ந் தேதி ஜி.எஸ்.டி. வரி 6 சதவீதமாக வந்தபோது, சிறு கடைக்காரர்கள் பலர் கணக்குக்கென்று கம்ப்யூட்டர் வாங்கினோம். அந்த வரி 2018 ஜூன் 1ந் தேதி பூஜ்யமாக்கப்பட்டது. வரி போயிற்று, கம்ப்யூட்டர் மட்டும் கல்லாவிலேயே தங்கிவிட்டது. நன்றாக உழைக்கும் மாட்டை யாரும் சந்தைக்கு ஓட்டிப் போவதில்லை அல்லவா?

தயக்கத்திலும் நியாயம் உண்டு

மாற அஞ்சுகிறவர்கள் வீணாக அஞ்சவில்லை. நடந்த சிலவற்றைப் பாருங்கள்.

விஸ்டா வந்த காலத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய பிரிண்டர்கள் பல அதனுடன் ஒத்துப்போகவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் அது மிக மெதுவாக ஓடியது. ஆகவே பலரும் எக்ஸ்பியிலேயே நின்றுவிட்டார்கள். 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது, பல ஆண்டுகளாகக் கை பழகிய 'ஸ்டார்ட்' பொத்தானையே எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் முணுமுணுத்தபின் 2013ல் அதைத் திரும்ப வைத்தார்கள்.

2015ல் விண்டோஸ் 10 வந்தபோது, கேட்காமலே தம் கம்ப்யூட்டர் மாறிவிட்டதாகப் பலர் குறைப்பட்டனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்திய ஒரு பெண்மணி, இதனால் தம் தொழில் கெட்டதென்று வழக்குத் தொடுத்து 10,000 டாலர் நஷ்டஈடு பெற்றார். கம்பெனி மேல்முறையீட்டை 2016ல் கைவிட்டது. 2018 அக்டோபரில் வெளியிட்ட ஒரு அப்டேட், சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. கம்பெனியார் சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தார்கள்.

செலவும் இருக்கிறது. விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு 11 இலவசம்தான். ஆனால் 11 ஏறுவதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் மட்டும் போதாது; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பெரும்பாலும் 2017க்குப் பின் வந்த பிராசசரும் வேண்டும். ஜி.எஸ்.டி. காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆக, 'இலவசம்' என்பது புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் செலவில் போய் முடிகிறது.

இவ்வளவையும் பார்த்தபின், பொறுத்திருப்பவரை மூடர் என்று சொல்ல முடியுமா? முடியாது. புதிய சரக்கு வந்த அன்றே வாங்கிக் குவிக்காமல், நாலு பேர் அனுபவத்தைக் கேட்டு வாங்குவது வியாபாரிக்கு அழகு. ஆனால் பொறுப்பதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு.

ஜாகா போன கடை

முன்னாளில் இந்நாட்டுக் கடைத்தெருக்களில் இரவு நேரத்தில் கடை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு ஜாகா படுத்திருப்பார். அவருக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் கடை வழக்கம்போல் திறக்கும். விளக்கு எரியும். தராசு சரியாக நிற்கும். ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. ஜாகா இல்லை என்பதைக் கடைக்காரருக்கு முன் அறிந்துகொள்பவன் திருடனே.

இயங்குதளத்தின் காரியமும் இதுவே. எந்த இயங்குதளமும் ஓட்டை இல்லாமல் செய்யப்படுவதில்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியார் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று, கண்டுபிடித்த ஓட்டைகளுக்கு அடைப்பு அனுப்புகிறார்கள். பாதுகாப்பு அப்டேட் என்பது அதுதான். ஒரு குறித்த நாளோடு பழைய விண்டோஸுக்கு அனுப்புவது நின்றுவிடும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ந் தேதியும், 7க்கு 2020 ஜனவரி 14ந் தேதியும், 10க்கு 2025 அக்டோபர் 14ந் தேதியும் அந்த நாட்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. புதிய விண்டோஸுக்கு அடைப்பு வந்தால், திருடர்கள் அந்த அடைப்பைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துகொள்வார்கள். அதே ஓட்டை பல சமயம் பழைய விண்டோஸிலும் இருக்கும். அங்கே அதை அடைப்பார் இல்லை. ஆகவே மாதங்கள் செல்லச் செல்ல, பழையது இருந்தபடியே இருப்பதில்லை. அபாயம் கூடிக்கொண்டே போகிறது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இங்கே செல்லாது.

2017 மே 12ந் தேதி, வெள்ளிக்கிழமை, 'வான்னாகிரை' என்ற கிருமி உலகில் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சுமார் 19,000 நோயாளர் சந்திப்புகள் ரத்தாயின. அந்த ஓட்டைக்கான அடைப்பு மார்ச் 14ந் தேதியே, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது! அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, வந்த அடைப்பைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். ஆகவே புதியதற்கு மாறினால் மட்டும் போதாது. மாதாந்திர அப்டேட்டையும் தடுக்கக் கூடாது.

நமக்கு நேர்ந்தது

நமது துணிக்கடைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7ல் ஓடியது. அதில் கடைக் கணக்குடன், நமது வட்டாரத்து ஜனாஸா நிதியின் கணக்கையும் எழுதி வந்தோம். மாதச் சந்தா யார் கட்டினார், எந்த மாதம் வரை கட்டினார் என்பதெல்லாம் அதில்தான். 2020 ஜனவரியில் அப்டேட் நின்றது தெரியும், மகனும் சொன்னான். 'பிறகு' என்றோம். மார்ச் 18ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடை பூட்டிக் கிடந்தது. வாடகைக்கே வழியில்லாதபோது கம்ப்யூட்டர் நினைவு எங்கே வரும்?

2021ல் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தபோது, கோப்புகளின் பெயர்கள் எல்லாம் மாறிக் கிடந்தன. பணம் கேட்டு ஒரு கடிதம் திரையில் நின்றது. சரக்கு பில் போல மின்னஞ்சலில் வந்த ஒன்றைக் கடைப் பையன் திறந்திருக்கிறான். பழுது பார்ப்பவர் சோதித்துவிட்டு, "ஓராண்டுக்கு மேலாக ஓர் அடைப்பும் ஏறவில்லை, கதவு திறந்தே கிடந்திருக்கிறது" என்றார். பிரதி எடுத்து வைத்த பென் டிரைவையும் கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தோம். அதுவும் பூட்டப்பட்டது. திருடனுக்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பற்று வைத்திருந்த தையற்காரர்களும் இரவுச் சந்தை வியாபாரிகளும் பெரும்பாலோர் தாமே வந்து தங்கள் பாக்கியைச் சொன்னார்கள். அல்லாஹ் அவர்களுக்குப் பறக்கத் செய்வானாக! வராமல் போனது நமது நஷ்டம், அதை விட்டுவிடலாம். நிதிக் கணக்கு அப்படியன்று.

அடுத்த மாதமே சந்தாதாரர் ஒருவர் மௌத்தானார். பாக்கியில்லாமல் கட்டியவர் குடும்பத்துக்கே நிதி என்பது விதி. கட்டினாரா என்று காட்ட நம்மிடம் ஏடு இல்லை. அவருடைய மனைவி இத்தாவில் இருந்தபடி, ரசீதுகளைச் சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டின்னை மகனிடம் கொடுத்தனுப்பினார். அவை நமது பிரிண்டரில் அடித்த வெப்பத்தாள் ரசீதுகள். பழையவற்றில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. நிர்வாகப் பெரியவர்கள் அந்தக் குடும்பத்தின் வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கணவனை இழந்த வீட்டில், துக்கத்தின் நடுவே ரசீது தேட வைத்த குற்றம் நம்முடையது. அந்த வெள்ளைத் தாள்களைக் கையில் வாங்கியபோது பட்ட வெட்கம் இன்றும் ஆறவில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி ஏவும் ஆயத்து, அல்பகரா சூராவின் 282ஆவது. குர்ஆன் ஷரீபில் மிக நீளமான ஆயத்து அதுவே என்று மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லித் தந்தது அன்று நினைவுக்கு வந்தது. எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதைக் காப்பதும் அந்தக் கடமையோடு சேர்ந்ததே என்பது நமது எளிய எண்ணம். ஏட்டில் இருப்பது நம் காசு மட்டுமன்று, பிறருடைய அமானிதம்.

செய்ய வேண்டியவை

1. உங்களிடம் இருப்பது எது என்று அறியுங்கள். விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, ஆங்கில எழுத்தில் 'வின்வெர்' என்று அடித்தால் அது சொல்லிவிடும்.

2. எதையும் தொடுமுன் கணக்கை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காத பிரதியை நம்பாதீர்கள்.

3. கணக்குப் புரோகிராம் விற்றவரிடமும் பிரிண்டர் விற்றவரிடமும், புதிய விண்டோஸில் ஓடுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

4. கல்லாக் கம்ப்யூட்டரில் முதலில் கை வைக்காதீர்கள். வேறொன்றில் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

5. நோன்பின் கடைசிப் பத்திலும் மாதக் கடைசியிலும் இந்த வேலை வேண்டாம். பெருநாள் கழிந்து வியாபாரம் ஓய்ந்த வாரமே ஏற்றது.

6. கம்ப்யூட்டருக்கு 11 ஏறும் தகுதி இல்லையென்றால் வேறு வழிகள் உண்டு. விண்டோஸ் 10க்கு மேற்கொண்டு காவல் தரும் திட்டம் ஒன்றைக் கம்பெனியார் அறிவித்தார்கள். அறிவித்தபடி, வீட்டு உபயோகத்துக்கு 30 டாலருக்கு 2026 அக்டோபர் 13 வரை. இலவசமாகப் பெறும் வழியும் சொன்னார்கள். தொழில் செய்வோருக்குக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பின் ஆண்டுதோறும் இரு மடங்கு. இது தவணையே தவிர முடிவன்று. உங்கள் புரோகிராம் அதில் ஓடுமானால், லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பழைய பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஆகாதென்றால், பழையதை இணையத்திலிருந்து அறவே துண்டித்துவிட்டு, மின்னஞ்சலும் வங்கி வேலையும் வேறொன்றில் செய்யுங்கள்.

7. திருட்டுப் பிரதி மலிவாகக் கிடைக்கிறதென்று போடாதீர்கள். பிறர் பொருளை எடுப்பது ஆகாது என்பது ஒன்று. அதனுள்ளேயே கள்ளன் ஒளிந்து வரக்கூடும் என்பது மற்றொன்று.

முடிவாக

நம் தகப்பனார் காலத்தில் எடைக் கற்களே மாறின. 1972ல் எடை அளவைச் சட்டம் வந்து, நாடு படிப்படியாகக் கிலோவுக்கு மாறியது. முணுமுணுத்தார்கள், மனக்கணக்குப் போட்டுத் தடுமாறினார்கள், ஆனால் தவணைக்குள் கற்றுக்கொண்டார்கள். இந்த மாற்றமும் அதைவிடப் பெரிதன்று.

ஒட்டகத்தைக் கட்டாமலே தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உபதேசம் நம் பிள்ளைகளும் அறிந்ததே. அடுத்த முறை திரையில் அந்த எழுத்து வரும்போது, 'பிறகு' என்று அமுக்குவதானாலும் அமுக்குங்கள். ஆனால் எந்தத் தேதி வரை பிறகு என்பதைக் காலண்டரில் குறித்துவிட்டு அமுக்குங்கள். பிரதி எடுப்பதை மட்டும் இன்றிரவு கடை பூட்டுமுன்பே செய்துவிடுங்கள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் தௌபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.